தேசிக்காய் செருகிய பெருவிரல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் வலது கால் பெருவிரல் மூன்று நாடுகளில் பேசப்பட்டது. விரல் இருந்தது டென்மார்க்கின் வைலே நகரில், எங்கள் மாடி வீட்டில்தான். ஆனாலும் ரொறொன்ரோவில் பெரியம்மாவுக்கும் பாரிஸில் சித்தப்பாவுக்கும் அதன் அன்றாட நிலவரம் அத்துபடி.

குற்றம் அம்மாவுடையது. கை நகத்தை வெட்டுவது போலவே கால் நகத்தையும் ஓரம் வளைத்து ஒட்ட வெட்டிவிட்டார். அதன்மேல் நான் ஓர் அளவு சிறிய பந்தடிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நகம் சதைக்குள் இறங்கி, விரல் சிவந்து வீங்கிச் சீழ் கட்டியது. அம்மாவுக்கு வயோதிபர் இல்லத்தில் வேலை. அங்கே யாருக்காவது நகத்தில் நோவு என்றால் கால் வைத்தியரைக் கூப்பிடவேண்டும், தானாகக் கைவைக்கக் கூடாது. வீட்டில் சட்டம் வேறு.

அது ஊரில் சண்டை முடிகிற காலம். அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். மாதக்கணக்கில் அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி அணைவதில்லை, தொலைபேசி ஓய்வதில்லை. எல்லா அழைப்பும் ஒரே மாதிரித்தான் தொடங்கும்.

"ஏதும் அறிஞ்சனியோ?"

"இல்லையக்கா. நீங்கள்?"

"இல்லை."

பிறகு இரண்டு பக்கமும் பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தில்தான் அம்மா என் விரலை எடுத்துவிடுவார்: "இவளின்ரை கால்விரல் அக்கா, இண்டைக்கு இன்னும் வீங்கிப்போச்சு."

உடனே எதிர்ப்பக்கம் உயிர் வரும். பெரியம்மாவுக்கு வசனத்துக்கு ஒரு "கேட்டியே" வேண்டும். "தேசிக்காயைத் துளைச்சு விரலிலை செருகிவிடு, கேட்டியே. சீழெல்லாத்தையும் இழுத்துப் போடும், கேட்டியே." சித்தப்பாவோ, "நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதேங்கோ அண்ணி" என்று தொடங்காமல் ஒரு வைத்தியமும் சொன்னதில்லை. அவருடையது மஞ்சளும் வேப்பெண்ணெயும். கூடவே நகத்தின் நடுவில் கத்தரியால் ஒரு வெட்டு. அப்படி வெட்டினால் ஓரத்து நகம் நடுவுக்கு இழுபட்டு வந்துவிடுமாம்.

"டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார் அப்பா.

"அவங்கள் நகத்தைக் கழட்டிப் போடுவாங்கள்" என்றார் அம்மா.

"பாப்பம்" என்றார் அப்பா. அப்பா "பாப்பம்" என்றால் அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு என் கவலை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் பக்கத்து வகுப்புப் பெட்டைகளோடு எங்களுக்குப் பந்தாட்டம். அதற்குள் விரல் மாறிச் சுகமாகவேண்டும்.

தேசிக்காய் வென்றது. ஊரில் கைவிரல் நகச்சுத்துக்குச் செய்கிற வைத்தியம் அது. கைவிரல் நடப்பதில்லை என்பதை மூன்று நாடுகளிலும் ஒருவரும் யோசிக்கவில்லை. அப்பாவின் செருப்புக்குள் காலும் எலுமிச்சம்பழமுமாக நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மத்தியானத்துக்குள் வகுப்பில் என் பெயர் எலுமிச்சை என்றாகிவிட்டது.

திரும்பிவரும்போது மாடிப்படியில் கீழ் வீட்டு டேனிஷ்காரி என்னைக் கண்டுவிட்டார். பஸ் ஓட்டுகிறவர். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், ஒரு போத்தல் பழுப்புச் சவர்க்காரத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். வெந்நீரில் கரைத்துக் காலை ஊறவைத்து, நகத்தின் மூலையில் துளிப் பஞ்சு வைக்கவேண்டுமாம்.

"இது நிலம் துடைக்கிற சவர்க்காரமெல்லோ!" என்று அம்மா கதவைச் சாத்தியபின் சொன்னார். ஆனாலும் சட்டியில் வெந்நீர் வைத்தார். நாலு நாள் பின்னேரங்களில் ஊறவைத்ததில் வீக்கம் வற்றியது. பெரியம்மாவிடம் மட்டும், "உங்கடை தேசிக்காய்தான் அக்கா மாத்தினது" என்றார்.

திங்கட்கிழமை சப்பாத்தை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது. வேலையில் இருக்கவேண்டிய அப்பா யன்னலடியில் நின்றார். அம்மா சட்டியோடு நிலத்தில் இருந்தார்.

"காலைக் கொண்டா."

மாறிவிட்டது என்று டேனிஷில் சொன்னேன்.

"கொண்டாவன் பிள்ளை."

கொடுத்தேன். தண்ணீருக்குள் காலைப் பிடித்தவர் விடவில்லை. கீழே தோழிகள் மணியடித்தார்கள். தொலைபேசி அடித்தடித்து ஓய்ந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

"நோகேல்லை எண்டு சொல்லுறன், விடுங்கோ!" என்று கத்தினேன்.

"விடுமப்பா, அவள் போகட்டும்" என்றார் அப்பா, யன்னலைப் பார்த்தபடியே.

ஈரக் காலிலேயே காலுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

இரண்டுக்கு ஒன்றாக வென்றோம். அதில் ஒன்று நான் அடித்தது. வெயில் தணியாத பின்னேரத்தில் வீடு திரும்பினால், அம்மா அதே இடத்தில் இருந்தார். சட்டியில் புதுத் தண்ணீர் ஆவி பறந்தது.

"வெண்டனீங்களோ?"

"ஓம். நானும் ஒண்டு அடிச்சனான்."

"மற்றக் காலைக் காட்டு."

"அதிலை ஒண்டும் இல்லையம்மா."

"ஓம், ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இடது காலைக் கழுவத் தொடங்கினார், விரல் விரலாக, சவர்க்காரம் போட்டு. எனக்குக் கூச்சமாக இருந்தது. சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாமா இனி இல்லை என்ற செய்தி அன்று பகலே வந்துவிட்டிருந்தது. அதை எனக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு கிழமை பிடித்தது. அன்று எனக்கு விளங்கியதெல்லாம், எந்தக் கால் நொந்தது என்பதையே அம்மா மறந்துவிட்டார் என்பதுதான். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் அதைத் தோழிகளுக்கு நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.