அன்னபுஷ்பம் டீச்சரின் விலாசம்

ஸ்ரீபெரும்புதூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகும் ஒரு வகுப்பு மட்டும் கலையாது. பத்தாம் வகுப்பு, நீதிபோதனைப் பாடம். எடுப்பவர் தையல் டீச்சர் அன்னபுஷ்பம். மற்ற டீச்சர்கள் யாரும் விரும்பாத பாடம் என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அவளோ அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டாள்.

அரிச்சந்திரன் கதையெல்லாம் அவள் சொல்லவில்லை. பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகாமல் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது என்றாள். அப்பன் சொத்து, அடிக்கிற புருஷன், கூலியில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் பேசினாள். டெலிபோன் ஆபரேட்டர், நர்ஸ், டைப்பிஸ்ட், கிராம சேவிகா என்று எந்த வேலைக்கு எந்தப் படிப்பு, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டாள்.

வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்காக மேஜைமேல் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பெயர் போடாமல் சீட்டெழுதிப் போடலாம். "போலீஸ் வேலைக்குப் போனா மீசை வெக்கச் சொல்வாங்களா?" என்று ஒரு சீட்டு. "தம்பிக்கு மட்டும் ரெண்டு முட்டை ஏன்?" என்று இன்னொன்று. டீச்சர் படிக்கும்போது வகுப்பே குலுங்கிச் சிரிக்கும். எழுதியவளும் சேர்ந்து சிரித்துத் தப்பித்துக்கொள்வாள்.

அந்த டின்னில் பிளவு வெட்டிக் கொடுத்தவர் அவள் கணவர் அருள்நாதன். உளியால் வெட்டி, பிள்ளைகளின் விரலைக் கிழிக்கக்கூடாதென்று ஓரத்தை அரத்தால் ராவிக் கொடுத்தார்.

அருள்நாதனைப் பற்றிச் சொல்லாமல் அவள் பாடமே முடியாது. ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சின்ன மாதா கோயிலின் உபதேசியார் அவர். சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் சொல்வதும், மணி அடிப்பதும், சாவுக்கு முன்னே நிற்பதும் அவர்தான். அன்னபுஷ்பத்தை எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அவருக்குக் கட்டி வைத்தார்கள். அப்போது அவளுக்குப் பதினைந்து. அடுத்த வருஷமே ஒரு குழந்தை செத்துப் பிறந்தது. அதற்குப் பிறகு வயிறு திறக்கவில்லை. மாமியார் வேறு பெண் பார்க்கச் சொன்னபோது, "அவ படிக்கட்டும்" என்றார் அருள்நாதன். தையல் பயிற்சிக்குக் காஞ்சிபுரம் போன இரண்டு வருஷமும் விடியற்காலையில் சைக்கிளில் வைத்து பஸ் ஏற்றிவிட்டார். இன்றைக்கும் குடத்தில் தண்ணீர் தூக்குகிறவர் அவர்தான்.

"எங்க வூட்டுக்காரர் தண்ணி தூக்குவார். தோள் ஒண்ணும் தேஞ்சி போகல" என்பாள் டீச்சர்.

"சாருக்குத் தம்பி யாராச்சும் இருக்காங்களா டீச்சர்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

வகுப்பில் வேலை கேட்ட பிள்ளைகளுக்கு மருத்துவமனை, போஸ்டாபீஸ் என்று பல உதாரணங்கள் இருந்தன. நல்ல ஆண்பிள்ளைக்கு அவளிடம் ஒரே உதாரணம்தான் இருந்தது.

எண்பதாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் டின்னிலிருந்து ஒரு சீட்டு வந்தது. எழுத்து இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

"நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டால், பதில் வீட்டுக்கு வராமல் இருக்க வழி உண்டா?"

இடதுகையால் எழுதுகிறவள் அந்த வகுப்பில் ஒருத்திதான். டீச்சர் அந்தச் சீட்டை மட்டும் உரக்கப் படிக்கவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு பாஞ்சாலி தானாகவே நின்றாள்.

"மாமனுக்குக் கட்டறாங்க டீச்சர். அம்மாகூடப் பொறந்தவர். லாரி ஓட்டறார். முப்பத்தொண்ணு ஆவுது."

"உனக்கு?"

"பதினேழு நடக்குது."

"சட்டம் இன்னா சொல்லுது?"

"பதினெட்டு. அதெல்லாம் டவுன்காரங்களுக்குன்னு எங்கப்பா சொல்றார்."

அவள் அப்பா கோதண்டம் டீச்சரின் கிராமத்திலேயே வேர்க்கடலை போடுகிறவர், இரண்டு பம்புசெட் வைத்திருந்தார். அருள்நாதனுக்கு உயிர் நண்பர். ஒருவர் மாதா கோயில், மற்றவர் மாரியம்மன் கோயில். ஆனாலும் காலை டீ ஒரே பெஞ்சில்தான். ஒருமுறை அருள்நாதனுக்குக் காமாலை முற்றியபோது மாட்டுவண்டியில் படுக்கவைத்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை ஓட்டிப்போனவர் கோதண்டம்தான்.

பத்தாம் வகுப்பில் பாஞ்சாலி பள்ளியிலேயே இரண்டாவதாகத் தேறினாள். சென்னையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் தயாரானது. எல்லாவற்றையும் பாஞ்சாலி தன் கையாலேயே எழுதினாள். விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"என் வூட்டு விலாசம் போடு" என்றாள் டீச்சர். "அன்னபுஷ்பம்…" என்று சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

தபால்காரர் சுப்பிரமணி சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. பொம்பளை பேரில் வருகிற கடுதாசிக்கு வீடு தேடி மாளாது, ஆம்பளை பேர் போடச் சொல்லுங்கள் என்பார் அவர். அந்தக் கிராமத்தில் எந்தப் பெண்ணின் பெயருக்கும் தனியாகக் கடிதம் வந்ததில்லை. ரேஷன் கார்டு, பள்ளிக்கூடப் பதிவேடு, சம்பளக் காகிதம் எல்லாவற்றிலும் அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. இருபத்தொரு வருஷப் பழக்கம். அதில் தப்பு எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மேற்பார்வை, அருள்நாதன், உபதேசியார்னு போடு" என்றாள்.

அன்று சாயங்காலமே அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். "கடுதாசி வந்தா என் கையில குடுங்க. பொண்ணோட அப்பாவுக்குத் தெரியவே கூடாது."

"சரி அன்னம்" என்றார் அவர்.

ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். கல்யாண ரவிக்கை தைக்க, விதி பாருங்கள், டீச்சரிடமே துணி வந்தது. கருநீலப் பட்டுத்துணி. பாஞ்சாலி அளவு கொடுக்க வந்தாள். கூடவே அவள் அம்மா முனியம்மாள். அம்மா பக்கத்தில் இருந்ததால் இருவராலும் பேச முடியவில்லை. நாடாவைத் தோளில் வைத்தபோது பாஞ்சாலி கண்ணால் கேட்டாள். டீச்சர் தலையை லேசாக ஆட்டினாள். இன்னும் வரவில்லை.

அளவெடுக்க ஒரு நாள், கைபார்க்க ஒரு நாள், கழுத்துப் பார்க்க ஒரு நாள் என்று அந்தப் பெண்ணை மூன்றுமுறை வரவழைத்தாள். ஒரு மணி நேரத்தில் முடிகிற ரவிக்கை மூன்று வாரமாக முடியவில்லை.

"இன்னா டீச்சரம்மா, ரவிக்கையா தெக்கறீங்க, தேருக்குச் சீலையா?" என்று முனியம்மாளே கேலி செய்தாள்.

பள்ளியிலிருந்து வந்ததும் தினமும் ஒரே கேள்வி. "தபால் ஏதாச்சும்?"

தினமும் ஒரே பதில். "வரலியே அன்னம்." அதைச் சொல்லும்போது அருள்நாதன் குடத்தை இறக்கிவைத்துக்கொண்டிருப்பார், அல்லது விளக்கு துடைத்துக்கொண்டிருப்பார். முகம் பார்த்துச் சொன்னாரா என்று அப்போது அவள் கவனிக்கவில்லை. எதற்காகக் கவனிக்க வேண்டும்?

ஜூலை மாதக் கடைசி சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனாள். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ராஜாமணி என்ற வயதான அம்மாள் இருந்தார். பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டினார்.

"நேர்முகம் பதினேழாம் தேதியே முடிஞ்சிடுச்சேம்மா. இந்தப் பொண்ணு வரலையேன்னு நாங்களே பேசிக்கிட்டோம். நல்ல மார்க்கு."

"கார்டு வரலைங்க. எங்களுக்குக் கார்டே வரல."

"வராம எப்படி? பதிவுத் தபால்ல அனுப்பினோம்." அந்த அம்மாள் ஒரு கட்டிலிருந்து ஒப்புகைச் சீட்டை உருவி மேஜைமேல் வைத்தார். "ஆறாம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க பாருங்க."

அன்னபுஷ்பம் பார்த்தாள். கையெழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு சிலுவை. மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே ஒரு சிலுவை போடாமல் எழுதமாட்டார் அவர். கல்யாணமான புதிதில் அவளுக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியபோது, முதலில் இந்தச் சிலுவையைத்தான் போடக் கற்றுக்கொடுத்தார்.

"உங்க வூட்டு ஆளுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமா" என்றாள். சீட்டை அந்த அம்மாள் பக்கமே திருப்பி நகர்த்தினாள்.

வீடு வந்தபோது பொழுது சாயவில்லை. இரண்டு குடமும் நிறைந்திருந்தன. அருள்நாதன் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆறாம் தேதி தபால்ல இன்னா வந்துச்சு?"

அவர் கை நின்றது. பொய் சொல்லப் பார்த்தார். அவள் நின்ற நிலையைப் பார்த்து அதை விட்டுவிட்டார்.

"கோதண்டத்துகிட்ட குடுத்துட்டேன்."

"இருபது நாளா வரல, வரலன்னு சொன்னீங்களே."

"இன்னா பண்ணச் சொல்ற? தினமும் பக்கத்துல குந்தி டீ குடிக்கிறான். பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தல் எங்க போடலாம்னு என்னைக் கேக்கறான். மடியில கார்டை வெச்சிக்கினு நான் எப்படி அவன் மூஞ்சியைப் பாக்கறது? பெத்தவனுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?"

"எனக்கு?"

அவர் மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தார்.

"அவர் உங்களை வண்டியில வெச்சி ஓட்டினார். சரி. என்னை நீங்க சைக்கிள்ல வெச்சி ஓட்டினீங்களே, அது எதுக்கு? ஊர்ல சொல்லிக்கவா?"

"நீ என் பொஞ்சாதி அன்னம். உன்னைப் படிக்க வெச்சது என் இஷ்டம். அடுத்தவன் பொண்ணு விஷயம் வேற."

அந்த வார்த்தை அவளை வெட்டிப்போட்டது. இருபத்தொரு வருஷமாகத் தன் உரிமை என்று நினைத்திருந்தது அவருடைய இஷ்டமாம். வகுப்பில் எத்தனை பிள்ளைகளிடம் இந்த மனிதரைக் காட்டி நம்பச் சொல்லியிருப்பாள். அவள் அழவில்லை. அன்று இரண்டு குடத்தையும் கொண்டுபோய்க் கீரைப்பாத்தியில் கவிழ்த்துவிட்டு, தானே போய் நிறைத்துக்கொண்டு வந்தாள்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு ரவிக்கையைப் போட்டுப் பார்க்கப் பாஞ்சாலி தனியாகவே வந்தாள். நேர்முகத் தேதிதான் போய்விட்டதே, இப்போது காவல் தேவைப்படவில்லை. ஊக்குகளைத் தானே மாட்டிக்கொண்டாள்.

"கார்டு எங்க மாட்டுக்கொட்டாய் கூரையில சொருகி இருந்துச்சு டீச்சர். வைக்கோல் எடுக்கச் சொல்ல பாத்தேன். உங்க வூட்டு விலாசம்."

"நான் குடுக்கல பாஞ்சாலி."

"அப்போ யாரு?"

"என் புருஷன்" என்ற சொல் தொண்டை வரை வந்தது. தண்ணீர் தூக்குகிறவர், டின்னின் ஓரத்தை ராவிக் கொடுத்தவர், அவள் பாடத்தின் ஒரே உதாரணம். அந்த உதாரணத்தைத் தன் வாயாலேயே உடைக்க அன்று அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டின் மானம் என்று நினைத்தாள். எந்த மானம் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

பாஞ்சாலி கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். பிறகு, "கை கொஞ்சம் இறுக்கமா கீது. பரவால்ல, போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

கல்யாணத்தில் அருள்நாதன் முதல் பந்தியில் பரிமாறினார். மாப்பிள்ளை பரசுராமன் தங்கமான ஆள் என்று எல்லோரிடமும் சொன்னார். கோதண்டம் அன்னபுஷ்பத்தைத் தேடி வந்து தாம்பூலம் கொடுத்தார். "உங்க மேல எனக்குக் கோவமில்ல டீச்சரம்மா. படிப்பு ஜாஸ்தி, அதான். உபதேசியார் இருக்கறவரைக்கும் எனக்கின்னா பயம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பில் டின் ஏறக்குறையக் காலியாக இருந்தது. டீச்சர் வீட்டுக்கு வந்த கார்டு அப்பன் கைக்குப் போன ஊர்ப் பேச்சு பிள்ளைகள் காதுக்கு வந்திருந்தது. ஒரே ஒரு சீட்டு. பத்தாம் வகுப்புக்கு அந்த வருஷம் வந்திருந்த பாஞ்சாலியின் தங்கை கிளியம்மாள், யார் எழுதியது என்று மறைக்கக்கூட முயலாமல் நேராக டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் உரக்கப் படித்தாள்.

"உங்கள் விலாசம் வேண்டாம். வேறு விலாசம் இருந்தால் சொல்லவும்."

யாரும் சிரிக்கவில்லை. அன்னபுஷ்பம் சீட்டை மடித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு பேசினாள்.

"பாஞ்சாலிக்கு வந்த கார்டை அவங்கப்பா கையில கொண்டுபோய்க் குடுத்தது என் வூட்டுக்காரர். அவர் பேர்ல வரச் சொன்னது நான். உங்களுக்கெல்லாம் உங்க பேருக்கு மதிப்பிருக்குன்னு சொல்லிக்குடுத்துட்டு, என் பேர் மட்டும் போதும்னு எனக்குத் தோணல. அது என் தப்பு. அன்னிக்குப் பாஞ்சாலி கேட்டப்போ சொல்லாம இருந்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு."

முன்பெஞ்சிலிருந்த அற்புதமேரி, அதே மாதா கோயில் பிள்ளை, பயந்துகொண்டே எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அருள்நாதன் முகத்தைப் பார்க்க வேண்டியவள்.

"இனிமே சாரைப் பத்திச் சொல்ல மாட்டீங்களா டீச்சர்?"

"சொல்லுவேன். தண்ணி தூக்கினதையும் சொல்லுவேன். இதையும் சொல்லுவேன்."

சாக்பீஸை எடுத்தாள். அன்னபுஷ்பம், தையல் ஆசிரியை, பெண்கள் உயர்நிலைப் பள்ளி, ஸ்ரீபெரும்புதூர். மேற்பார்வை என்ற வரி இல்லை. காலையிலேயே தபாலாபீசுக்குப் போய், அந்தப் பெயருக்கு வருவதை அவள் கையில் மட்டுமே கொடுக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

கிளியம்மாள் நோட்டைத் திறந்து அந்த விலாசத்தை எழுதிக்கொண்டாள். பக்கத்தைத் திருப்பி இன்னொருமுறை எழுதினாள். இரண்டாவது தாளை மட்டும் கிழித்து, நாலாக மடித்து, பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அக்காவும் மாமனும் மறுவீட்டுக்கு வருகிறார்கள்.