லியனார்ட் கழித்த நாலு கிலோ

மாதா மேல் ஆணை, இது நடந்த கதை. ஒரு சொல்லும் பொய் இல்லை. சரி சரி, அப்படிப் பார்க்காதீர்கள். அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன். இழுக்காவிட்டால் அட்டனிலிருந்து ஃபாதர் வந்து சேரும்வரை கதை தாங்காது. லியனார்ட் உள்ளே பெட்டியில் படுத்திருக்கிறார். பந்தலில் இருக்கும் நாம் அவரைப் பற்றித்தானே பேச வேண்டும்?

இதே கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். தகப்பன் இல்லை, கொழுந்து பறித்து வளர்த்தவள் தாய் ஜோசப்பின். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவருக்குக் கிடைத்தது அட்டன் பஸ் நிலையத்தில் மாதிரி வினாத்தாள் விற்கும் வேலை. அவருடைய புத்தகக் கட்டைப் பின்னால் ஏற்றினால் பஸ்ஸின் முன்சக்கரம் அந்தரத்தில் நிற்குமாம். அதை இறக்குவதற்காகவே சாரதி தடித்த ஆட்களாகப் பார்த்து முன்சீட்டில் உட்கார வைப்பாராம். நோட்டன் பிரிட்ஜ், பொல்பிட்டிய என்று அவர் ஏறாத பள்ளிக்கூடம் இல்லை. அட்டை கடித்து இரத்தம் வழியும் காலோடு அதிபர் முன்னால் போய் நிற்பார். பாவம் பார்த்தே பாதிப் புத்தகம் போய்விடும்.

அப்படி ஏறி ஏறி, கடைசியில் கொழும்பில் ஒரு பாடநூல் கம்பனிக்குப் பிரதம நிறைவேற்று அதிகாரி ஆனார். அந்தப் பட்டம் லயத்தில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. "புத்தகக் கங்காணி" என்று வைத்துவிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

உட்காரும் கதிரை பெரிதான பிறகும் ஒரு பழக்கத்தை அவர் விடவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் விடைகளையெல்லாம் தானே ஒருமுறை பார்ப்பார். ஜோசப்பினை அடக்கம் செய்துவிட்டு கொழும்புக்குத் திரும்பிய அன்றும் பார்த்தார். ஒரு பெண் காலையில் பதினெட்டு கிலோ, பின்னேரம் பதினாலு கிலோ கொழுந்து பறித்தாள், மொத்தம் எவ்வளவு? பிழை திருத்தும் பிரியந்தி முப்பத்திரண்டு என்று சரியாகத்தான் போட்டிருந்தாள். லியனார்ட் அதை வெட்டி இருபத்தெட்டு என்று எழுதினார்.

புத்தகம் மலையெல்லாம் போனது. தோட்டத்துப் பிள்ளைகள் ஒருவர்கூடத் தப்பு என்று சொல்லவில்லை. கொழும்பு வாத்தியார் ஒருவர்தான் கண்டுபிடித்தார். கம்பனியின் தலைவர் லியனார்டைக் கூப்பிட்டார். பிரியந்தி கதவோரம் நின்றாள்.

"பிழை திருத்தினது இந்தப் பிள்ளைதானே? இவவ அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சது. இல்லாட்டி நீங்கதான் போகணும்."

லியனார்ட் மேசையைப் பார்த்தார்.

"அந்தப் புள்ள சரியாத்தாங்க போட்டுச்சு. வெட்டி எழுதுனது நான்."

"கூட்டல்கூட தெரியாதா உங்களுக்கு?"

"மடுவக் கொட்டகையில கொழுந்து நிறுக்கயில ஒவ்வொரு தடவையும் எங்கம்மாவுக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க. பக்கத்துலயே நின்னு வளந்தவன். அம்மா நெனப்புல கை தானா கழிச்சிருச்சுங்க."

பிரியந்தியின் வேலை தப்பியது. லியனார்ட் அன்றே தன் மேசையைக் காலி செய்துகொண்டு இறங்கினார்.

ஆனால் நேரே வீட்டுக்கு வரவில்லை. பரீட்சையில் பிள்ளைகள் புள்ளி இழந்துவிடக்கூடாதே என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மறுபடி ஏறினார். பொல்பிட்டியவில் கரும்பலகையில் முப்பத்திரண்டு என்று எழுதிக் காட்டியபோது ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்:

"அப்ப எங்கம்மாவுக்கு மட்டும் ஏன் சார் கொறையுது?"

இதை நான் இழுக்கவில்லை.

"கேக்குறதுக்கு என்ன இருக்கு?" பந்தலின் முன்வரிசையிலிருந்து பொன்னையா எழும்பினார். ஒரு காலத்தில் இதே தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுத்த கணக்கப்பிள்ளை அவர். "ஈரம் கழிக்கணும், கூடை கழிக்கணும். லியனார்ட் மொதல்ல எழுதுனதுதான் சரி."

"எது சரி?" இருபது வருசம் அவரிடம் கொழுந்தை நிறுக்கக் கொடுத்த மீனம்மா சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "வெயில் காலத்துலயும் கழிச்சீங்களே, அது எந்த ஈரம்? ஒங்க வேர்வையா?"

"எழவு வீட்டுல மரியாதையா பேசு, மீனம்மா!"

"ஜோசப்பினக்கா கொழுந்தத் தின்னுட்டு அவ மகன் எழவுல முன்வரிசைல குந்தியிருக்கீங்க, ஒங்களுக்கு மரியாத வேற!"

பொன்னையாவின் மகன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். மடுவத்தில் கிலோ கழிபட்ட பின்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.