மறுபடி ஏறிய முதல் விமானம்

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் பத்தொன்பது வருடமாக அவள் 'மறுபடி'தான். எந்த வேலையை முடித்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்கும் மறுபடி ஒருதடவை பார்த்துடலாம்" என்பாள். கேன்டீனில் டீ டம்ளரையும் கவிழ்த்து மறுபடி பார்த்தாள் என்று கூட்டாளி ஒல்லி ஒரு கதை கட்டிவிட்டான். கதை பொய்தான். நம்பாதவர் ஒருவரும் இல்லை.

விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டே பாதி ஆயுளைக் கழித்தவள் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. இருக்கை பெல்ட்டை நூற்றுக்கணக்கில் மாற்றியிருக்கிறாள். தன் இடுப்பில் ஒன்றை மாட்டியதில்லை. ஊழியர்கள் காலி இருக்கையில் போகலாம் என்று விதி இருக்கிறது. அதற்கு லீவு வேண்டுமே! இருபது பேர் வேலையைப் பதினோரு பேர் இழுத்துப் பறித்துச் செய்கிற இடத்தில் லீவு கேட்டால், தலையில் கொம்பு முளைத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் செய்த முக்கியமான வேலையை இன்னொருவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். ஆள் குறையக் குறைய அந்த விதி மெல்லத் தேய்ந்தது. கொஞ்ச காலமாகப் படிவம் கேன்டீனுக்கே வந்தது. டீயை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். விமானம் ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம்.

மேலாளரிடம் மூன்று முறை சொன்னாள் மறுபடி. மூன்று முறையும் அவர், "பார்க்கலாம்மா" என்றார். எதையும் பார்க்காமல் இருப்பதற்கென்றே பிறந்த சொல் அது. கடைசியில் பெயர் போடாமல் இணையத்தில் எழுதிவிட்டாள்: 'யாரும் பார்க்காத இரண்டாவது கையெழுத்து.'

இரண்டே நாளில் ஊர் ரெண்டுபட்டது. பயணிகள் சன்னலோரம் உட்கார்ந்து படமெடுத்துப் போட்டார்கள். இறக்கையில் ஒட்டியிருந்த உலோகப் பட்டையைக் காட்டி, 'விமானத்துக்கு பிளாஸ்திரி போட்டிருக்கிறார்கள்' என்று ஒருவர் அலறினார். அந்தப் பட்டை முறைப்படி ஒட்டுவதுதான், ஆபத்தில்லாதது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கண்டு நாடே நடுங்கியது. நடுங்க வேண்டிய விஷயம் ஒரு காகிதத்துக்குள் சாதுவாகப் படுத்திருந்தது.

மேலாளர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். "எழுதினவன் யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். தெரிஞ்ச அன்னைக்கே அவன் வீட்டுக்குப் போறான்." அவன், அவன் என்றே பேசினார். ஒரு பெண் நாலு வரி எழுதியிருப்பாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வேலை போய்விடுமோ என்று பயந்த அந்த நேரத்திலும் மறுபடிக்கு அதில் ரோஷம் வந்தது.

வீட்டில் வேறு கூத்து. வெள்ளிக்கிழமை விமானத்துக்குச் சீட்டு எடுத்திருந்த நாத்தனார் இரண்டு நாள் முன்பே வந்து இறங்கி, சாப்பாட்டு மேசையில் அந்தப் பதிவை உரக்க வாசித்தாள்.

"யாரோ நல்லா எழுதியிருக்காங்க அண்ணி. ஆனா எழுதினது யாருன்னு சொல்ல தைரியம் இல்ல பாருங்க!"

"வேலை போயிடும்னு பயமா இருக்கும்."

"நம்ம உயிர் போகலாம், அவங்க வேலை போகக் கூடாதா? நீங்க எல்லாம் அங்க என்னதான் செய்யறீங்க?"

"மறுபடி மறுபடி பார்க்கிறா" என்றான் கணவன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவனுக்கு எல்லாம் தெரியும். அந்தப் பதிவின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியதே அவன்தான்.

வெள்ளிக்கிழமை காலை, நாத்தனார் போக வேண்டிய அந்த விமானமே மறுபடியின் கைக்கு வந்தது. என்ஜின் எண்ணெயில் உலோகத் துகள் கலந்திருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் சின்னக் காந்தத் திருகு ஒன்று உண்டு. அதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது புதிதாக ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். போடாவிட்டால் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிந்துவிடும், அதுவும் நடுவானில். இடது என்ஜின் மறுபடிக்கு, வலது என்ஜின் ஒல்லிக்கு. நடுவில் மேலாளர் இரண்டு தடவை ஃபோனில் கூப்பிட்டார். இரண்டு தடவையும் ஒன்றுமில்லாத விஷயம். திரும்பி வந்து திருகை முறுக்கி மூடினாள். மறுபடி ஒருதடவை பார்த்துடலாம் என்று நினைப்பதற்குள் இழுவை வண்டி வந்து விமானத்தைப் பயணிகள் ஏறும் வாசலுக்கு இழுத்துப் போய்விட்டது.

பின்னாலேயே படிவத்தோடு மேலாளர் வந்தார். இடது என்ஜினுக்கு ஒல்லி கேன்டீனிலேயே கையெழுத்துப் போட்டிருந்தான். வலது என்ஜினுக்கு மறுபடியின் கையெழுத்து விழ வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

"போடும்மா. நேரமாச்சு."

"நான் பார்க்கலையே சார்."

"ஒல்லி பண்ணியிருக்கான். ஒல்லியை நம்ப மாட்டியா?"

"நம்பறேன். ஆனா கட்டத்துல 'நம்பினேன்'னு போடலையே, 'பார்த்தேன்'னு தானே போட்டிருக்கு?"

அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. பயணிகள் ஏற மறுக்கிறார்களாம். வேலை செய்த மெக்கானிக்கைக் கண்ணால் பார்த்தால்தான் ஏறுவார்களாம். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி வா. வந்து ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லிட்டுப் போ. கையெழுத்தை அப்புறம் பேசிக்கலாம்."

வாசலில் நூற்றறுபது பேர். எல்லாருக்கும் முன்னால், கைப்பையை ஆயுதம்போல உயர்த்திப் பிடித்து முழங்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி: "கையெழுத்து போட்டவங்க எங்க? கூப்பிடுங்க அவங்களை!"

கறை படிந்த வேலை உடுப்பில் வந்து நின்றவளைப் பார்த்ததும் முழக்கம் பாதியில் அறுந்தது.

"அண்ணி! நீங்களா?"

"நான்தாம்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாத்தனார் விட்டுக்கொடுக்கவில்லை. "அண்ணியா இருந்தா என்ன? சொல்லுங்க அண்ணி, இதுல நீங்க ஏறுவீங்களா?"

மறுபடி ஒலிபெருக்கியை வாங்கினாள். மேலாளர் பல்லைக் காட்டிச் சிரித்தபடி முறைத்தார். அந்த வித்தை அவருக்கு மட்டுமே வரும். அப்போது நாத்தனாரின் கண் அவள் கையில் விழுந்தது.

"அதென்ன அண்ணி, சுண்டுவிரல்ல கறுப்பா மோதிரம்? எங்க அண்ணன் வாங்கித் தந்ததா? அவரோட கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவே இல்லையா!"

மறுபடி குனிந்து பார்த்தாள்.

சுண்டுவிரலில் ரப்பர் வளையம். கீழே விழுந்துவிடக் கூடாதென்று, ஃபோன் எடுக்கும்போது அவளே மாட்டிக்கொண்டது. இந்நேரம் இடது என்ஜினுக்குள் இருந்திருக்க வேண்டியது.

முதலில் காது அடைத்தது. பிறகு, ஏனென்று தெரியாமல், சிரிப்பு வந்தது. ஒல்லியின் வேலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தர்க்கம் பண்ணியவள் இவள். பிழையோ இவள் விரலில் மோதிரமாக உட்கார்ந்திருக்கிறது! கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஓடிப்போய் மாட்டிவிட்டு வந்தால் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. ஒரு நொடி அப்படியும் நினைத்தாள். மனுஷிதானே.

கையை உயர்த்திக் காட்டினாள்.

"இது மோதிரம் இல்லைங்க. என்ஜினுக்குள்ள இருக்க வேண்டிய வளையம். போட மறந்தது நான். அதைப் பார்க்காமயே சரின்னு கையெழுத்தும் விழுந்தாச்சு. இணையத்துல நீங்க படிச்சதும் இதைப் பத்தித்தான். அதை எழுதினதும் நான்தான். பேர் போடாததுக்கு மன்னிச்சுக்கங்க. இப்போ இதுல நான் ஏற மாட்டேன். நாற்பது நிமிஷம் குடுங்க, அப்புறம் ஏறறேன்."

மேலாளரின் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டது, கழற்ற ஆளில்லாமல்.

கூட்டத்திலிருந்து ஒரு பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "நான் ஒருதடவை வேற பல்லைப் பிடுங்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல." பக்கத்தில் இருந்தவர் சட்டென்று தன் தாடையைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான், மொத்தக் கூடமும் வெடித்துச் சிரித்தது. நாத்தனார் அதற்குள் அணி மாறி மேசைமேல் தட்டினாள்: "எங்க அண்ணி நாற்பது நிமிஷம் கேட்டிருக்காங்க. எல்லாரும் உட்காருங்க! ஓய், சிவப்புச் சட்டை, உங்களையும்தான்!"

ஒருவரும் உட்காரவில்லை. கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கீழே மறுபடி திருகைக் கழற்றி, வளையத்தைப் போட்டு மூடினாள். அவள் விலகியதும் ஒல்லி டார்ச்சோடு உள்ளே தலையை விட்டான். வாழ்க்கையில் முதல் முறையாக நூற்றறுபது பேர் வேடிக்கை பார்க்க வேலை செய்தவன், நாடக ராஜாபோலத் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். மேலே கைதட்டல். பிறகு அவள் அவனுடைய வலது என்ஜினைத் திறந்து பார்த்தாள். பழுதே இல்லை. கட்டைவிரல். கைதட்டல்.

"நல்லவேளை மறுபடி, என்னுது சரியா இருந்துச்சு."

"என்னுதும் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்டா. அதான் நினைச்சா போதாது."

என்ஜின்களை ஓட்டிக் கசிவில்லை என்று உறுதிசெய்தபின் கட்டங்கள் நிரம்பின. பயந்து போய்த் திரும்பிய மூன்று பேரின் இருக்கைகள் காலி. நாத்தனார் அவள் கையை விடவில்லை. "ஏறறேன்னு சொன்னீங்கல்ல? வாங்க!"

மேலாளர் குறுக்கே வந்தார். "திங்கட்கிழமை என் அறைக்கு வா."

"நாங்களும் வர்றோம் சார்" என்றார் பல் டாக்டர். "எத்தனை மணிக்கு?"

டாக்டர் கேட்டதை நாற்பது ஃபோன்களாவது படம் பிடித்தன. மேலாளர் வழிவிட்டார்.

ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்தபோது மறுபடிக்கு அடிவயிற்றில் குறுகுறுத்தது. ஒவ்வொரு சத்தமும் எந்தப் பாகத்தின் சத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தரை கையை உதறிவிட்டுக் கீழே போவது இப்படி இருக்கும் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவள் கொட்டகை தீப்பெட்டியானது. பிறகு அதுவும் இல்லை. திங்கட்கிழமையும் அதோடு சேர்ந்து கொஞ்சம் சின்னதானது.

"ஏன் அண்ணி சிரிக்கிறீங்க? பயமா இருக்கா?"

"தெரியலம்மா. சிரிப்பா வருது."

சன்னல் வழியாக இடது என்ஜினைப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. வெயிலில் பளபளத்தது. திரும்பிச் சாய்ந்து உட்கார்ந்தாள். அரை நிமிடம்தான் தாங்கியது.

"கொஞ்சம் நகரு" என்றாள். "எதுக்கும் மறுபடி ஒருதடவை பார்த்துடறேன்."