இருபது சாரின் நீலப் புகை

காலை ஆறு மணிக்கு இன்ஜினை ஓடவிட்டுவிட்டு, காரின் பின்னால் குந்தி உட்கார்ந்து, புகைக்குழாயின் வாய்க்கு நேரே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் இருபது சார். நூறு எண்ணி முடித்ததும் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். பிசுபிசுவென்று ஒரு கறுப்பு வட்டம் விழுந்திருக்கும். "நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல" என்பார். இந்த எட்டு வாரத்தில் அவருக்குப் பரவாயில்லாத நாளே கிடையாது. வட்டம் மட்டும் ஒரு நாளும் சிறுத்ததில்லை.

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். முப்பது வருடமாக மாணவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அங்கே தனக்கென்று பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே காலம் தள்ளிவிட்டார். வேகமுள் இருபதைத் தாண்டினால் அவர் கால் தானாக இறங்கிவிடும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பழக்கம் முற்றி, இப்போதெல்லாம் பஸ்ஸில் போனாலும் வளைவுக்கு வளைவு தரையை அழுத்துகிறார். தியேட்டரில் ஒரு காரை இன்னொரு கார் துரத்தினால், முன்வரிசைக்காரர் திரும்பி முறைக்க வேண்டியிருக்கிறது. பெற்ற மகளையே ஆறு மாதம் முதல் கியரில் வைத்திருந்தார். அவள் எதிர்த்தெருப் பள்ளியில் சேர்ந்து, இரண்டே மாதத்தில் லைசென்ஸ் வாங்கி வந்தாள். அன்றைக்கு சார் சாப்பிடவில்லை.

கார், ஐம்பது வயதுக் கிழம். பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கி வந்தார். மெக்கானிக் இன்ஜினை முழுக்கப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டனும் புது ரிங்கும் போட்டுக் கொடுத்து எட்டு வாரம் ஆகிறது. வருகிற சனிக்கிழமை மகளுக்குப் பதிவுத் திருமணம். பெண்ணைத் தன் கையால் ஓட்டிப்போய்ப் பதிவு அலுவலக வாசலில் இறக்கவேண்டும். சாருக்கு வாழ்க்கையில் மிச்சமிருப்பது அந்த ஒரு ஆசைதான். மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க எல்லாரும் வாசல்ல நிப்பாங்கப்பா. கொசு மருந்து வண்டி மாதிரி போய் இறங்க என்னால முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள புகை நிக்கலன்னா வாடகைக் கார்தான்."

நின்றால்தானே! வாரத்துக்கு ஒரு லிட்டர் எண்ணெய் குடித்துவிட்டு நீலநீலமாக விட்டுக்கொண்டிருந்தது. சார் முதலில் எண்ணெய்க் கம்பெனியைத் திட்டினார். கெட்டி எண்ணெய் வாங்கி ஊற்றிப் பார்த்தார். வால்வு சீல்களை மாற்ற வைத்தார். கடைசியில் திட்டுவதற்கு மெக்கானிக்கைத் தவிர யாரும் பாக்கியில்லை. வியாழக்கிழமை பட்டறைக்கே போய் நின்றார்.

"ரிங்கைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. இல்லன்னா ஏன் இப்படிக் குடிக்குது?"

மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் அளந்தார். பிறகு ஆளுக்கொரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். நாலிலும் முள் துள்ளி ஏறியது.

"பாத்தீங்களா? எண்ணெய் போய் இடுக்கை அடைச்சதும் அழுத்தம் ஏறுது. அப்ப ஓட்டை ரிங்குகிட்டதான். நாலுலயும் ஒரே கதை. நாலையுமா சார் தலைகீழா மாட்டுவேன்?" கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, வண்டியை எப்படி ஓட்டுறீங்க?"

"காலைல ஒரு மணி நேரம் நிக்கவெச்சே ஓடவிடுவேன். அப்புறம் தெருவை ஒரு சுத்து. புது இன்ஜினாச்சே, இருபதைத் தாண்ட விட்டதே இல்ல." சார் பெருமையாகவே சொன்னார்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், புது ரிங்கு சிலிண்டர் சுவரோட உரசி உரசித்தான் பதியும். அதுக்கு இன்ஜினை வேலை வாங்கணும். நீங்க பொத்திப் பொத்தி வளர்த்து, சுவர் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடுச்சு. குன்று ரோட்டுல ஏத்துங்க. நல்லா மிதிங்க, விடுங்க, திரும்ப மிதிங்க. அதுக்கும் மசியலன்னா மறுபடி பிரிக்கணும். சனிக்கிழமைக்கு ஆகாது."

சார் முகத்தில் ஈயாடவில்லை. மிதிக்கச் சொன்னால் மிதிப்பவர்தான். ஆனால் ஆக்சிலேட்டரை அல்லவா சொல்கிறான் இந்த ஆள்!

வெள்ளிக்கிழமை காலையில் மகளோடு குன்றடிக்குப் போனார். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். முள் இருபதைத் தொட்டது. கால் அதற்குமேல் இறங்க மறுத்தது. சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து அவர்களை முந்திப் போனார்.

"இறங்குங்கப்பா" என்றாள் மகள்.

அவள் மிதித்த மிதியில் பின்கண்ணாடி முழுக்க நீலமாயிற்று. "பாத்தும்மா! பாத்து!" என்று கத்தியபடி சார் தரையை ஓங்கி ஓங்கி அழுத்தினார்.

"அப்பா, அங்க பிரேக் கிடையாது."

முள் அறுபதுக்குப் போனபோது வேறு வழி தெரியாமல் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஏழாவது ஏற்றத்தின் உச்சியில் அவள் வண்டியை நிறுத்தினாள். சார் கைக்குட்டையோடு பின்பக்கம் போய் நூறு எண்ணினார். துணியில் லேசான சாம்பல் நிழல்; பிசுபிசுப்பே இல்லை. "நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்ல" என்று துணியை மகளிடம் நீட்டினார். சந்தோஷம்தான். ஆனால் எட்டு வாரம் தான் கொஞ்சிக் கெடுத்ததை இவள் ஒரு மணி நேரத்தில் மிரட்டித் திருத்திவிட்டாளே என்று வயிறும் எரிந்தது.

வீட்டுத் தெருவின் முனையில், "நிறுத்தும்மா, இனி நான் ஓட்டுறேன்" என்றார்.

"வீடு இதோ இருக்கே, எதுக்குப்பா?"

"அம்மா வாசல்ல நிப்பா."

இடம் மாறி உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். முள் பதினைந்தில் நின்றது. வாசலில் மனைவி நின்றுகொண்டுதான் இருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்து இருக்கையில் மகளின் வலது கால், அங்கே இல்லாத ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல், வெறும் தரையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. சார் அதைப் பார்க்காதவர்போல், ஆளில்லாத தெருவில் கையை முழு நீளத்துக்கு வெளியே நீட்டி, திரும்பப் போவதாகச் சைகை காட்டினார்.