கிணற்றுக்குப் பேர் கொடுத்த வெல்டா

ஓக்லஹோமாவில் எங்கள் பக்கம் யார் நிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறார்களோ, அந்த நிலக்காரர் பேரைத்தான் கிணற்றுக்கு வைப்பார்கள். வெல்டா ஹார்க்ரைடரின் கோதுமை வயலில் இருப்பது ‘ஹார்க்ரைடர் ஒன்று’. வயல் வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கும். அவளுக்கு அதில் கர்வம் உண்டு, எண்ணெய் விற்ற காசில் மாதாமாதம் பங்கும் வந்தது. ஆனாலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதை அவள் விடவில்லை.

அதே பள்ளிக்கூடத்தில் நான் சமையல்காரி. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வரிச்சலுகை கொடுத்துக் கொடுத்தே அரசாங்கத்தின் கஜானா காலி. காசில்லை என்று எங்கள் பள்ளிக்குத் திங்கட்கிழமையும் விடுமுறை விட்டுவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது! செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தட்டை வழித்து நக்குவார்கள். சில வீடுகளில் மத்தியான உணவென்பதே நான் போடுவதுதான்.

சலுகையை எடுத்துவிடலாமா என்று சட்டசபைக் குழு விசாரணை வைத்தது. கம்பெனி ஆள் டானர், கிணறு வைத்திருக்கிறவள் கம்பெனிக்காகத்தானே பேசுவாள் என்று, ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வெல்டாவைச் சாட்சியாகப் பதிவு செய்துவிட்டான். புத்திசாலி! அவளையும் துணைக்குப் போன என்னையும் கம்பெனி வண்டியிலேயே ஏற்றி, தலையில் கம்பெனித் தொப்பியும் மாட்டிவிட்டான்.

“என்னடி பேசப்போறே?” என்று வழியில் கேட்டேன்.

“மனசுல இருக்கறதத்தான். சும்மா வா, லூரீன்.”

விசாரணையில் அவள் பேரைச் சொல்லி அழைத்தார்கள். வெல்டா எழுந்து தொப்பியைக் கழற்றி டானரின் மடியில் வைத்தாள்.

“ஐயா, நான் கிணத்துக்காரி. சலுகை போனா எனக்கு வர்ற பங்குலயும் அந்த வரி புடிப்பாங்க. புடிங்க. சலுகைய மொத்தமா எடுத்துடுங்க. எங்க புள்ளைங்களுக்குத் திங்கக்கிழமை வேணும்.”

டானருக்கு முகம் செத்துவிட்டது. “வெல்டாம்மா, சலுகை போனா உங்க கிணத்த மூடிடுவோம், தெரியும்ல?” என்று அங்கேயே குதித்தான்.

“மூடேன்ப்பா. அடியில கிடக்குற எண்ணெய்க்குப் பசிக்காது. புள்ளைங்களுக்குப் பசிக்கும்.”

போகும்போது ராஜமரியாதை, திரும்பும்போது வண்டியில் ஏறாதே என்றான் டானர். விசாரணைக்கு எங்கள் பள்ளி வாத்தியார்மார் வந்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம்.

அந்த வருஷமே சலுகை போயிற்று. ஊரில் மற்ற கிணறுகளெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வெல்டாவுடையதை மட்டும், பாவிகள், நிறுத்திவிட்டார்கள். பங்கும் நின்றது.

“வருத்தமா இல்லியாடி?” என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமா? போகட்டும், போ.”

பள்ளிக்குக் காசு வந்து திங்கட்கிழமையும் திறந்த முதல் நாள், வெல்டா பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பெண்ணைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கே கூட்டிவந்தாள். “லூரீன், இவ நம்ப மாட்டேங்குறா. நீயே சொல்லு.”

“இன்னைக்கு நிஜமாவே சாப்பாடு உண்டா?” என்றது குழந்தை.

“உண்டுடி கண்ணு, உக்காரு!” என்றேன். அன்றைக்கென்று இரண்டு மடங்கு சமைத்திருந்தேன். போதவில்லை.