மழைக்காலத்தில் படகு தராத கலியபெருமாள் மாமா

புரட்டாசியில் ஒரு நாள், சிதம்பரம் கடைத்தெருவில் வலை நூலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா போன் செய்தது. மாமாவுக்கு நெஞ்சுவலியாம், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். "ஆம்புலன்ஸ்காரனத் திட்டுனாரா?" என்று கேட்டேன். "திட்டலடா" என்றது அக்கா. அப்போதுதான் அவர் செத்ததை நம்பினேன்.

இன்று அவர் படத்துக்கு மாலை போட்டு "நல்ல மனுசன்" என்கிற ஊர்க்காரர்களே, உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

சித்திரையில் உப்பனாறு வற்றி, கம்பெனிக் கழிவு மட்டும் கொழகொழவென்று நிற்கும். கால் வைத்தால் அரிக்கும், மீன் மல்லாந்து மிதக்கும். ஐப்பசி வெள்ளம் வந்தால் எல்லாம் கரைந்து கடலுக்குப் போய்விடும். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கிற அதிகாரிகள் அப்போதுதான் வருவார்கள். ஒரு வருஷம் மாமாதான் அவர்களைத் தன் படகில் ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீரில் குறையே இல்லை என்று, கம்பெனி மேல் நாம் கொடுத்த புகாரை மூடிவிட்டார்கள்.

அடுத்த மழையில் ஜீப் வந்தது. நம் கரையில் மிஞ்சியிருந்த ஆற்றுப் படகு அவருடையது ஒன்றுதான். அதைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார்.

"சித்திரையில வா, ஏத்திக்கினு போறேன்."

"எங்களுக்கும் தெரியும்யா. உத்தரவு இப்பதான் வந்துது" என்றார் அதிகாரி.

"அப்ப அந்த உத்தரவு மேலயே ஏறிப் போ."

நான் சும்மா இருப்பேனா? "மாமா, கொஞ்சம் நகருங்க, படகுக்கு மூச்சு முட்டுது" என்றேன். துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஜீப் திரும்பிப் போனதும் நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டீர்கள். "வந்தவங்களயும் தொரத்திட்டியே, இனிமே எவன் வருவான்?" பொங்கல் வரை யாரும் அவரோடு பேசவில்லை. "பேசாட்டி போங்கடா, காதுக்கு நல்லது" என்றார்.

சித்திரை வந்தது, ஜீப் வரவில்லை. மாமா மட்டும் தினம் படகைக் கழுவி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் சிரித்தீர்கள்.

இப்போது படகு என்னிடம். போன வாரம் அடைமழையில் அதே ஜீப் வந்தது. பின்னாலேயே நீங்களும் வந்தீர்கள். "நீயாவது ஏத்திக்கினு போப்பா, நீ நல்லவன்." எனக்கு அவர் மாதிரி முறைக்க வராது, பல் தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே "சித்திரையில வாங்க சார்" என்றேன். "அந்தப் பெரியவரே பரவால்ல" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

மாமாவின் கோபம் எனக்கு வராது. அவருடைய "மாட்டேன்" மட்டும் என்னிடம் இருக்கிறது. திட்டுகிறவர்கள் திட்டுங்கள். வெயில் வரட்டும்.