கனடாவில் இல்லாத தம்பி

என் தம்பி ஒரு நாளும் கனடாவுக்குப் போனதில்லை. ஆனால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியைப் பொறுத்தவரை அவன் அங்கேதான் இருந்தான். கொட்டாஞ்சேனையில் ஹெரோயினோடு பொலிஸ் அவனைப் பிடித்து, நீதிமன்றம் அரசாங்கப் புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பிய வாரமே அம்மா அவனை விமானம் ஏற்றிவிட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு பிள்ளை கொஞ்சக் காலம் கண்ணில் படாவிட்டால் கனடா என்று சொன்னால் போதும்; அதற்கு மேல் யாரும் கிண்ட மாட்டார்கள். முன்வீட்டு அன்ரி, அவன் குளிருக்கு ஜக்கெட் வாங்கினானா என்று மட்டும் விசாரித்தார்.

அவன் மெலிந்து, ஆனால் தெளிந்து திரும்பி வந்தான். எனக்கு அது பெரிய சந்தோசம். நீதிமன்றம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது: வீட்டிலேயே இருக்க வேண்டும், புனர்வாழ்வு நிலைய ஆலோசகர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்ப்பார். ஓடிவிட்டான் என்று அவர் அறிவித்தால் மறுபடி உள்ளே. அம்மாவோ அவனை அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் பொத்தி வைத்திருந்தார்.

ஆலோசகர் வந்த அன்று அம்மா கோயிலில். தம்பிக்குப் பல்வலி, நான் அவனைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போயிருந்தேன். பூட்டிய கதவைப் பார்த்தவர் முன்வீட்டில் கேட்டிருக்கிறார்.

“அவர் கனடாவில எல்லோ, நல்லா இருக்கிறார்,” என்று அன்ரி பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பின்னேரம் ஆலோசகரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. “மிஸ், தம்பி நாட்ட விட்டே போயிட்டாரா?”

“பல்லு டொக்டரிட்டப் போனனாங்கள் சேர். நாளைக்கு வந்து பாருங்கோ. இஞ்சதான் நிற்பார்.”

அம்மா யோசித்துவிட்டு, “லீவில வந்து நிக்கிறான் எண்டு அன்ரிக்குச் சொல்லுவம்,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதை வேட்டை என்று பெடியளை வளைத்துப் பிடித்து, ரீசேட்டால் முகம் மூடவைத்துத் தொலைக்காட்சியில் காட்டுகிற அரசாங்கத்தின் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. பிடித்தவனைக் காட்டுவார்கள், சுகமானவனைக் காட்டமாட்டார்கள். இங்கே நாங்களும் அவன் முகத்தைத்தான் மூடிக்கொண்டிருந்தோம்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சது காணும் அம்மா. வருத்தத்தில கிடந்தவன் எழும்பியிருக்கிறான். இனி இந்த வீட்டில கனடாக் கதை வேண்டாம்.”

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர், பிறர் மானம் காக்கத் தெரிந்தவர். குரலைத் தாழ்த்தி, “உள்ளுக்குப் போய்ப் பேசுவோமே,” என்றார். முன்வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்திருந்தது.

“வேண்டாம் சேர். இதில நிண்டே கதையுங்கோ.”

தம்பி என் பக்கத்தில் வந்து நின்றான். “நான் ஹெரோயின் குடு அடிச்சனான் சேர். இப்ப இல்லை. ஒரு இடமும் போகேல்லை, இந்த வீட்டிலதான் இருக்கிறன்.” மேல்மாடிக்கும் கேட்டிருக்கும். முன்வீட்டுக் கதவு முழுதாகத் திறந்தது. அன்ரி வாசலுக்கே வந்துவிட்டார்.

எனக்குப் பின்னால் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்து வந்து, நடையின் நடுவில், அன்ரியின் கதவுக்கு நேரே போட்டார்.

“இருங்கோ சேர்,” என்றார். “ஆறுதலா எல்லாத்தையும் கேளுங்கோ.”